யூட்டிகாவை அகதிகள் காப்பாற்றினார்களா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் யூட்டிகா என்றொரு நடுத்தர ஊர், அகதிகளைக் குடியேற்றியதால்தான் அழியாமல் பிழைத்தது என்று ஒருவர் பேசக் கேட்டேன். உண்மைதானா? அந்த ஊருக்கென்று அவர்கள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள்? உள்ளூர்க்காரர்கள் எதிர்க்கவில்லையா?

பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யூட்டிகாவுக்கு மேற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சிராக்யூஸில் எட்டு வருடம் இருந்தேன். யூட்டிகாவுக்கு அடிக்கடி போய்வந்திருக்கிறேன். முதலில் போனது சாப்பாட்டுக்காக, அப்புறம்தான் ஊர்மேல் ஆர்வம் வந்தது.

அகதிகள் வருவதற்கு முன் அந்த ஊர் எப்படிக் கிடந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். 1825-இல் ஈரி கால்வாய் திறந்தபின் வளர்ந்த ஊர் அது. பின்னலாடை, துணி ஆலைகள் நிறைய. வேல்ஸ்காரர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், பிறகு இத்தாலியர், போலந்துக்காரர், லெபனான்காரர் என்று ஆலை வேலைக்கு வந்தவர்களாலேயே நிறைந்தது. கருத்துக்கணிப்பில் பேர்பெற்ற ஜான் ஸாக்பி இந்த ஊர் லெபனான் குடும்பத்துப் பிள்ளைதான். 1930-இல் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் துணி ஆலைகள் கூலி குறைந்த தென் மாநிலங்களுக்குப் போயின. அவற்றின் இடத்தைக் கொஞ்ச காலம் ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற மின்னணுத் தொழிற்சாலைகளும், பக்கத்து ஊரான ரோமில் இருந்த கிரிஃபிஸ் விமானப்படைத் தளமும் பிடித்து நின்றன. 1990-களில் அதுவும் போயிற்று. 1995-இல் விமானப்படைத் தளத்தை மூடினார்கள். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 60,651. 1960-இலிருந்து நாற்பது வருடத்தில் ஐந்து பேரில் இரண்டு பேர் ஊரில் இல்லை.

'கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்' என்று காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஆள் போன வேகத்துக்கு வீடு போகாதல்லவா? தெருத்தெருவாக மரவீடுகள் பூட்டிக் கிடந்தன. விற்க முடியாத வீட்டைக் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்திவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. 90-களில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மாநிலத்தில் மற்றவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தீ வைப்புதான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூட்டிகாவில் நடந்ததைக் கருணைக் கதையாக மட்டும் சொல்லிவிடுகிறார்கள். கருணை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது காலி வீடுதான். ஆளில்லாத வீடுகள் ஒரு பக்கம், வீடில்லாத ஆட்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே பத்தாண்டில் சந்தித்துக்கொண்டன. அந்தப் பொருத்தம் வேறு ஊருக்கு அமைந்திருக்காது. யூட்டிகாவுக்கே இனி அமையுமா என்பது சந்தேகம்.

சரி, எப்படி வருகிறார்கள்? 'அகதி' என்றதும் நமக்கு முகாம், தகரக் கூரை, பதிவேடு, கியூ பிரிவுப் போலீஸ் என்று காட்சி வரும். அமெரிக்க ஏற்பாடு வேறு (2025-இல் நிறுத்திவைக்கும் வரை இருந்த முறையைச் சொல்கிறேன்). 1980-இல் நிறைவேறிய அகதிகள் சட்டப்படி, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேரை எடுக்கலாம் என்று அதிபர் உச்சவரம்பு வைக்கிறார். தேர்வும் விசாரணையும் வெளிநாட்டிலேயே முடிந்துவிடும், அதற்கே பல சமயம் வருடக்கணக்கில் ஆகும். விமானம் ஏறும்போதே அவர் சட்டபூர்வமாக வருகிறவர், வந்த நாளிலிருந்து வேலை செய்யலாம். ஒரு வருடம் கழித்து நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கும் (கிரீன் கார்டு), ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். விமானக் கட்டணம்கூட இலவசம் கிடையாது, வட்டியில்லாக் கடன். வந்த சில மாதங்களில் தவணை கட்டத் தொடங்க வேண்டும். நிறையப் பேருக்கு அமெரிக்காவில் கிடைக்கும் முதல் கடிதமே அந்தத் தவணைச் சீட்டுதான்.

எந்த ஊருக்கு என்பதை அகதி முடிவு செய்வதில்லை. சொந்தக்காரர் யாராவது ஏற்கனவே இருந்தால் அந்த ஊர். இல்லாவிட்டால் அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் தேசிய அமைப்புகள் கூடிப் பேசிப் பிரித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் மதம் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் அவை. அவற்றின் உள்ளூர்க் கிளையோ கூட்டாளியோ இருக்கிற ஊருக்குத்தான் ஆள் போகும். யூட்டிகாவில் அப்படி ஒன்று 1970-களின் முடிவில் முளைத்தது: மோஹாக் பள்ளத்தாக்கு அகதிகள் மையம். இப்போது ஊரில் 'தி சென்டர்' என்றால்தான் தெரியும். வியட்நாமியர், கம்போடியர், லாவோஸ்காரர்களோடு ஆரம்பித்தார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து அங்கே அவமானப்பட்டு வளர்ந்த பிள்ளைகளை அழைத்துவர 1987-இல் ஒரு சட்டம் வந்தபோது, அவர்களை அதிகம் வாங்கிக்கொண்ட ஊர்களில் யூட்டிகாவும் ஒன்று. அப்புறம் சோவியத் நாடுகளிலிருந்து பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர்கள், போஸ்னியர், சோமாலி பண்டு மக்கள், பர்மாவின் கரேன் மக்கள், சூடான், ஈராக், காங்கோ. நாற்பது வருடத்தில் பதினாறாயிரத்துக்கும் மேல். மொத்தமே அறுபதாயிரம் பேர் இருக்கிற ஊரில் இது என்ன கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் நாலில் ஒருவர் அகதியாக வந்தவரோ அவர் குடும்பத்தாரோ என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் அளவு.

விமான நிலையத்தில் மையத்து ஆள் காத்திருப்பார். வாடகை வீடு, கட்டில், பாத்திரம், அவர்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஒத்த முதல் வேளைச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. சமூகப் பாதுகாப்பு எண், பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி, ஆங்கில வகுப்பு, முதல் வேலை எல்லாம் ஏறக்குறைய தொண்ணூறு நாளுக்குள். அதற்குப் பிறகு உதவி மெலிந்துவிடும். போரிலிருந்து வந்தவர் தொண்ணூறு நாளில் சொந்தக்காலில் நின்றாக வேண்டும் என்பது கொடுமையாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் முகாமில் உட்காரவைத்து அரிசி போடுவதைவிட இது மேல் என்று சொன்ன அகதிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

இனி போஸ்னியர்களுக்கு வருகிறேன். ஊர் மாறியது அவர்களால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். 1990-களின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்குள் நாலாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். முதல் தலைமுறையில் கொத்தனார், தச்சர், மின்வேலைக்காரர், ஓட்டுநர் நிறைய. பெண்களும் வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்தில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ஏதோ ஒரு ஷிஃப்டில் இருப்பார்கள். கடன் வாங்கத் தயங்குவார்கள். சம்பளங்களைச் சேர்த்து, அண்ணன் தம்பி, மச்சான் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு நல்ல காரின் விலைக்குப் பாழடைந்த வீட்டை வாங்கினார்கள்.

அந்த ஊர் வீட்டின் அமைப்பும் இதற்குத் தோதாக இருந்தது. கிழக்கு யூட்டிகாவில் இத்தாலியர்கள் கட்டிய வீடுகள் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் இருக்கிற மாதிரியானவை. கீழே இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விட்டால் வீட்டு வரி கட்டியாகிவிடும். மழை ஒழுகுவதை நிறுத்தி, சுவரைப் பிரித்துக் கட்டி, முன்வாசல் திண்ணையை நிமிர்த்தி, வெளியே புதுப் பலகை அடித்து, ஜன்னலுக்கு லேஸ் திரை போட்டுவிட்டால் அடுத்த வீட்டுக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த வீடு போஸ்னியர் வீடு என்பதைத் தெருவில் நடக்கும்போதே சொல்லிவிடலாம். வெட்டிய புல்லும், கல் பாவிய வாசலும், ஒரு குறையும் இல்லாத பெயின்ட்டுமாக நிற்கும். பத்து வீடு சரியானதும் பதினோராவது வீட்டை எரிக்க யாருக்கும் மனம் வராது, எரித்தால் நஷ்டம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 62,235. ஐம்பது ஆண்டுகளில் முதல் தடவையாக எண் ஏறியது. 2020-இல் 65,283.

மசூதிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருந்தது. ஆராதனைக்கு ஆள் குறைந்து, கூரை ஒழுகி, நகராட்சி கைக்கு வந்துவிட்டது. இடிப்பதென்றாலே பெரும் செலவு. 2008-இல் போஸ்னிய முஸ்லிம் சங்கத்துக்கு ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். பகலில் வேறு இடத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் வந்து அவர்களே கட்டினார்கள். மினார் எழுந்தது. மேயர் தன் அலுவலகத்திலிருந்து தலை நிமிர்ந்தால் மசூதி தெரியும். 2001 செப்டம்பருக்குப் பின் ஏழே வருடத்தில், ஒரு அமெரிக்க ஊரின் நடுமத்தியில், தேவாலயம் மசூதியானது. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒழுகும் கூரையை அடைக்க வேறு யாரும் முன்வரவில்லை என்பது முணுமுணுத்தவர்களுக்கும் தெரியும்.

வேலை விஷயம். ஒனைடா பழங்குடியினர் 1993-இல் திறந்த டர்னிங் ஸ்டோன் சூதாட்ட விடுதி, அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் கான்மெட் ஆலை, மருத்துவமனைத் துப்புரவு, கோழி இறைச்சி, ஜன்னல் பொருத்தும் தொழில் என்று அகதிகள் எங்கும் இருப்பார்கள். ஆங்கிலம் அதிகம் வேண்டாத, கை வேகம் வேண்டிய வேலைகள். எல்லோரும் சொல்லும் உதாரணம் சோபானி தயிர். துருக்கியிலிருந்து வந்த குர்து இனத்தவரான ஹம்தி உலுகாயா, யூட்டிகாவுக்குத் தெற்கே நியூ பெர்லினில் மூடிப்போன ஒரு பழைய ஆலையை 2005-இல் வாங்கினார். ஆள் தேவைப்பட்டபோது யூட்டிகா அகதிகளைக் கேட்டார். அவர்களிடம் கார் இல்லை, ஆங்கிலம் இல்லை என்றார்கள். பேருந்து விட்டார், மொழிபெயர்ப்பாளர் வைத்தார். கேட்பதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, மற்ற முதலாளிகளுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

மறுபக்கமும் உண்டு. ஈராக்கில் பொறியாளராக இருந்தவர் இங்கே வந்து பெட்டி அடுக்குவார். பட்டத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் பரீட்சை, பணம், மூன்று நாலு வருடம் வேண்டும். வீட்டு வாடகை முதல் தேதி வந்து நிற்கும். அந்தத் தலைமுறை பெரும்பாலும் தன் படிப்பை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டது.

போஸ்னியர் மாதிரியே எல்லோரும் ஏறி வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் மேலே 'பாதி உண்மை' என்றது இதற்காகவும்தான். கரேன் மக்கள் தாய்லாந்து எல்லை முகாம்களில் இருபது வருடம் மூங்கில் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள். இளையவர்களில் பலர் முகாமிலேயே பிறந்தவர்கள். சோமாலி பண்டு மக்களில் பெரியவர்கள் பலருக்குத் தங்கள் மொழியிலேயே எழுதப் படிக்க வாய்ப்பு இருந்ததில்லை. முழங்கால் பனி, தானியங்கி அடுப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் கற்றாக வேண்டும். அவர்கள் வந்த நேரத்தில் மலிவான நல்ல வீடுகளும் குறைந்துவிட்டன. கிடைத்தவை 1978-க்கு முன் பூசிய ஈயப் பெயின்ட் உதிரும் வாடகை வீடுகள். அந்தத் தூள் குழந்தைகள் வாய்க்குள் போய் ரத்தத்தில் ஈயம் ஏறுவது அங்கே இன்றுவரை தீராத நோய். பழைய வீடுதான் ஊரைக் காப்பாற்றியது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அதே பழைய வீடுதான் இதையும் செய்கிறது.

ஆனாலும் கரேன் மக்கள் ஒரு வேலை செய்தார்கள். டாபர்நாகிள் பாப்டிஸ்ட் என்ற தேவாலயத்தில் வயதானவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். பர்மாவில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரேன் மக்களிடம் போயிருந்ததால், இவர்கள் வந்து இறங்கியதும் நேரே அங்கே போனார்கள். ஆள் இல்லாத பெஞ்சுகளில் இப்போது இரண்டு மொழியில் பாட்டு. மிஷனரியை அனுப்பிய நாட்டுத் தேவாலயத்தை, மிஷனரி போன நாட்டுக்காரர்கள் வந்து நிரப்பியிருக்கிறார்கள்.

உள்ளூர்க்காரர் எதிர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய ஊர்வலம், கலவரம் என்று எதுவும் கிடையாது. காரணம் ஒன்று, இத்தாலியத் தாத்தா பாட்டியை நினைவு வைத்திருக்கிறவர்கள் அதிகம். இன்னொன்று, போட்டி போட அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் வதந்தி உண்டு. 'அவர்களுக்கு அரசு இலவசக் கார் கொடுக்கிறது, ஏழு வருடம் வரி கிடையாது' என்பதை சிராக்யூஸில் முடிதிருத்தும் கடையிலேயே கேட்டிருக்கிறேன். இரண்டும் பொய். செலவே இல்லை என்பதும் பொய்தான். ஹாமில்டன் கல்லூரிப் பொருளியல் பேராசிரியர் பால் ஹாக்ஸ்ட்ரம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆரம்ப வருடங்களில் பள்ளி, மருத்துவ உதவி என்று ஊருக்குச் செலவு. நாள் போகப்போக அவர்கள் கட்டும் வரியும் செய்யும் செலவும் அதைத் தாண்டுகிறது. இதில் ஒரு சிக்கல்: செலவு உள்ளூர்ப் பள்ளியின் தலையில் உடனே விழுகிறது, வரவு மெதுவாக வருகிறது.

அந்தப் பள்ளியில்தான் உரசல் வெடித்தது. ஊருக்கு ஒரே அரசு உயர்நிலைப் பள்ளி, ப்ராக்டர். மாவட்டப் பள்ளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். நியூயார்க் மாநிலச் சட்டப்படி 21 வயது வரை உயர்நிலைப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு. ஆனால் பதினாறு வயதைத் தாண்டி வந்த அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் தனி வகுப்புக்குத் தள்ளுகிறார்கள், அதில் சான்றிதழே வராது என்று 2015-இல் வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசமாகி, சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மாலை போட்டு வரவேற்ற ஊர் என்று எழுதுகிறவர்கள் இந்த வழக்கைச் சொல்வதில்லை.

2024 ஜூன் மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுக் கரேன் பையன் ஒருவனைக் காவலர்கள் துரத்திப் பிடித்துத் தரையில் வைத்துச் சுட்டார்கள், இறந்துபோனான். அவன் கையில் இருந்தது நிஜத் துப்பாக்கி போலவே இருந்த, சிறுகுண்டு சுடும் காற்றுத் துப்பாக்கி. எட்டாம் வகுப்பு முடித்த வாரம். பர்மா ராணுவத்துக்குத் தப்பி வந்த பெற்றோர்கள் நகர மன்றத்து முன் கூடி நின்றார்கள். அது வரை அதிகம் வாய் திறக்காத சமூகம் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், வாஷிங்டனில் வைக்கும் ஓர் எண்ணை நம்பி ஓர் ஊர் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிகிறது. ஆண்டு உச்சவரம்பு 2017 நிதியாண்டுக்கு 1,10,000 என்று தொடங்கி, ஆட்சி மாறியதும் ஐம்பதாயிரமாகி, 2020-க்குள் 18,000-க்கு வந்தது. ஆள் வராவிட்டால் மையத்துக்குப் பணம் வராது, மொழிபெயர்ப்பாளர் வேலை போகும். 2022-இல் மறுபடி 1,25,000. 2025 ஜனவரியில் திட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். 2026 நிதியாண்டுக்கு 7,500, அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க வெள்ளையர்களுக்கு. டிக்கெட் வாங்கி, வீட்டைக் காலி செய்து, ஜாமானை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களின் பயணங்கள் ரத்தாயின. அவர்களில் சிலரின் அண்ணனோ அம்மாவோ இந்த மாதிரி ஊர்களில் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பார்கள்.

அதே 2025 ஏப்ரலில் சோபானி, ரோமில் 120 கோடி டாலரில் புது ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள். இடம், 1995-இல் மூடிய அந்த கிரிஃபிஸ் தளம். இத்தனைக்கும் வீட்டு விலை இப்போது பழைய மாதிரி இல்லை, கார் விலைக்கு வீடு என்பது பாட்டி காலத்துக் கதையாகிவிட்டது. போஸ்னியர்களின் பிள்ளைகள் படித்து, நியூ ஹார்ட்ஃபர்ட் மாதிரிப் பக்கத்துப் புறநகர்களுக்கும் தூர ஊர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் குடியேறிகளின் பிள்ளைகளும் செய்ததைத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போகும் வேலைக்கும் மேல்மாடி வாடகைக்கும் அடுத்து வருகிறவர் யார் என்பதற்கு ஊரில் இப்போது பதில் கிடையாது.

நேரில் பார்க்கும் எண்ணம் இருந்தால் நியூயார்க் நகரத்திலிருந்து ஆம்ட்ராக் ரயிலே போகிறது. யூட்டிகா ரயில் நிலையம் 1914-இல் கட்டியது, சலவைக்கல் தூண்களோடு அரண்மனை மாதிரி இருக்கும். ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கிருந்து ஜெனசீ தெருவில் மேலே நடந்தால் நகர மன்றமும் எதிரே மசூதியும். அப்புறம் கிழக்குப் பக்கம் ப்ளீக்கர் தெருவுக்குத் திரும்புங்கள். இத்தாலியர் சுடும் தக்காளி அடையும், போஸ்னியர் புரெக்கும், ஆசியக் கடைகளில் நம் ஊர்ப் பச்சைமிளகாயும் ஒரே நடையில் கிடைக்கும். சனிக்கிழமை பகலில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும்.